வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை



வாரத்தின் ஏழு நாள்களில் ஐந்து நாள்களைக் கல்லூரி மணி நடத்திவிடுகிறது. எப்போது எழுவது, எந்தப் பேருந்தைப் பிடிப்பது, எந்த வகுப்பில் அமர்வது என்பதையெல்லாம் அம்மணியே முடிவு செய்கிறது. எஞ்சிய இரண்டு நாள்களுக்கு மணி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கும் மாணவனுக்குத் திங்கட்கிழமை காலை வரையுள்ள பொழுதை எவரும் அட்டவணை போட்டுக் கொடுப்பதில்லை. அந்தப் பொழுதுக்கு உரியவர் யார்? மாணவனா? அவனுடைய குடும்பமா? நண்பர்களா? அல்லது சட்டைப்பையில் இருக்கும் கைபேசியா?

சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பல இளைஞர்களின் படிப்பு வகுப்பறையில் தடுமாறுவதைக் காட்டிலும் இந்த இரண்டு நாள்களில்தான் மிகுதியாகத் தடுமாறுகிறது. ஆகவே இதனைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

தறிச் சத்தத்தின் நடுவே

கோவையிலிருந்து அவிநாசி வழியாகச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சூலூர் வட்டத்தில் இருக்கிறது கருமத்தம்பட்டி. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் நகராட்சியானது. செபமாலை அன்னை ஆலயத்தால் வெளியூராருக்கு அறிமுகமான ஊர். உள்ளூராருக்கோ விசைத்தறியால் வாழும் ஊர். அடுத்துள்ள சோமனூரும் இவ்வூரும் சேர்ந்து கொங்கு நாட்டின் விசைத்தறித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஒருபுறம் கோவை நகரம். மறுபுறம் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். கருமத்தம்பட்டி, கணியூர், அரசூர் என நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள். கல்வியும் கூலியும் ஒரே சாலையில் எதிரெதிரே நிற்கும் வட்டாரம் இது!

இங்கே ஒரு மாணவனின் வார இறுதி எவ்வாறு கழியும் என்று எண்ணிப் பாருங்கள். தந்தை கூலிக்குத் தறி ஓட்டுபவர். சனிக்கிழமை பகல் முழுதும் மகன் அவருடன் தறிக்கூடத்தில் நிற்கிறான்; தார் சுற்றுகிறான், அறுந்த இழையை முடிகிறான். ஞாயிறு முகூர்த்த நாளாயிருந்தால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலைக்கு ஆள் தேடி நண்பன் அழைக்கிறான். திருப்பூரில் சரக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் பிசிறு வெட்டவும், எண்ணி மடித்துப் பெட்டியில் அடுக்கவும் ஆள் வேண்டும் என்று அழைப்பு வருகிறது. இதற்கிடையே கோவைக் கல்லூரி ஒன்றில் தொழில்நுட்பக் கருத்தரங்கு. மாணவர் மொழியில் சொன்னால் சிம்போசியம். அதில் கட்டுரை வாசிக்கப் பெயர் கொடுத்தாயிற்று. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் மரம் நடும் பணியும் உண்டு. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட அத்திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பொதுப்பணியைத் தொண்டரிடம் எதிர்பார்க்கிறது. அதில் பெரும்பகுதி விடுமுறை நாள்களில்தானே நடைபெற முடியும்?

இவற்றில் எதனைத் தவறு என்று சொல்வது? தந்தைக்குத் துணை நிற்பது கடமை. கூலி வாங்குவது கண்ணியம். கருத்தரங்கு அறிவை வளர்க்கும். பொதுப்பணி மனத்தை விரிக்கும். நண்பர்களோ வாழ்நாள் செல்வம். எல்லாமே நல்லவைதாம். நல்லவை பல சேர்ந்து நேரம் போதாமற்போவதுதான் இங்கே சிக்கல்.

ஒரு கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை 6 மணி முதல் திங்கட்கிழமை காலை 8 மணி வரை எண்ணினால் 62 மணி நேரம். மூன்று இரவுகளின் உறக்கத்துக்கு 21 மணி நேரம் ஒதுக்குங்கள், எஞ்சுவது 41. சனியும் ஞாயிறும் தறிக்கூடத்திலோ கம்பெனியிலோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்த்தால் 24 மணி நேரம் போயிற்று, எஞ்சுவது 17. உணவு, குளியல், தொழுகை, போக்குவரத்து, வீட்டு வேலை ஆகியவற்றுக்குப் பத்து மணி நேரமேனும் வேண்டும். மீதம் ஏழே மணி நேரம்! அந்த ஏழு மணி நேரத்தில்தான் பாடம், செய்முறைப் பதிவேடு, கருத்தரங்குக் கட்டுரை, நண்பர்கள், கைபேசி அனைத்தும் அடங்க வேண்டும். களைத்த உடல் இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலையில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவர் கழித்த ஒரு வார இறுதியை நினைவுகூர்வது பயன் தரும். அவரும் பணமில்லாத வீட்டிலிருந்து வந்தவர். அவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது.

ஓரணாவிலிருந்து தொடங்கியவர்

1931 அக்டோபர் 15 அன்று இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை அறியாதார் இலர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நாள்களில் அவர் எட்டு வயதுச் சிறுவர். புளியங்கொட்டைக்குத் திடீரெனக் கிராக்கி ஏற்பட்டபோது அவற்றைச் சேகரித்து மசூதித் தெருக் கடையில் விற்றார். ஒரு நாள் உழைப்புக்கு ஓரணா கிடைத்தது. போர் காரணமாக இராமேஸ்வரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கத் தம் உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். அதுவே அவர் பெற்ற முதற் கூலி.

1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்த பின்னும் உழைப்பு அவரை விட்டு நீங்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் முஸ்தபா கமால், இரயில் நிலையச் சாலையிலிருந்த தம் மளிகைக் கடையில் அவரை அமர்த்திவிட்டு மணிக்கணக்கில் வெளியே சென்றுவிடுவார். எண்ணெய், வெங்காயம், அரிசி என எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டார் கல்லூரி மாணவர் கலாம். சிகரெட்டும் பீடியும்தாம் மிக விரைவாக விற்றன. ஏழைகள் அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்தை ஏன் புகைத்துத் தீர்க்கிறார்கள் என்று அவர் வியந்தாராம். அண்ணன் விட்டால் தம்பி காசிம் முகம்மது பிடித்துக் கொள்வார். சிப்பிப் பொருள்கள் விற்கும் அவருடைய சிறு கடையிலும் அமர வேண்டும்.

படிக்கும் பிள்ளை கடையில் அமர்ந்தால் கௌரவம் குறையும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து

திருச்சி விடுதியில் அவருடைய அறைத் தோழர்கள் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறித்தவர். மூன்றாமவர் இராமேஸ்வரத்து முஸ்லிம். விடுதி வாழ்வின் மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக் கூடத்தின் செயலாளராகக் கலாம் அவர்களே பொறுப்பேற்றார்! ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதித் தலைவராயிருந்த கலத்தில் பாதிரியாரை நண்பர்கள் மதிய விருந்துக்கு அழைத்தனர். அவரவர் வீட்டு மரபில் சிறந்த உணவு வகைகள் இலையில் இடம் பெற்றன. பாதிரியார் மனமாரப் பாராட்டினார்.

நண்பர்களுடன் கழிந்த ஞாயிறு எவ்வாறு பயனுள்ளதாக அமையும் என்பதற்கு இதனைவிட எளிய சான்று வேண்டுமா? சமைத்தார்கள், பகிர்ந்தார்கள், ஒருவர் வீட்டு வழக்கத்தை மற்றவர் அறிந்தார்கள். மாணவர் ஒருவர் பொறுப்பேற்று நடத்தக் கற்றுக் கொண்டார்.

அடகு வைக்கப்பட்ட வளையல்கள்

பின்னர் சென்னை குரோம்பேட்டையில் 1949இல் நிறுவப்பட்ட எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. தந்தையாரால் திரட்ட இயலவில்லை. அப்போது சகோதரி ஜொஹரா அவர்கள் முன்வந்தார். தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியின் கட்டணத்தைச் செலுத்தச் செய்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவ்வளையல்களை மீட்பது என்று தம்பி உறுதி பூண்டார். மாணவராயிருந்த அவருக்கு அப்போது பணம் ஈட்ட இருந்த ஒரே வழி, நன்றாகப் படித்துக் கல்வி உதவித்தொகை பெறுவதுதான்.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக் கொண்டு அந்த வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள்.

மூன்றே நாள்கள்!

இறுதியாண்டில், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் நான்கு தோழர்களுக்கும் தரப்பட்டது. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றைத் தோழர்கள் பங்கிட்டுக் கொண்டனர். காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றுக் கொண்டார். கல்லூரியின் இயக்குநரும் வடிவமைப்புப் பாட ஆசிரியருமான பேராசிரியர் சீனிவாசன் பணியைப் பார்வையிட்டார். அவருக்குச் சிறிதும் நிறைவில்லை. கலாம் ஒரு மாத அவகாசம் வேண்டினார். பேராசிரியர் இசையவில்லை. அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வந்து சேராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று கூறிவிட்டார்.

உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் சகோதரியின் வளையல்கள்? அந்த வார இறுதியில் தராசின் மறுதட்டில் இருந்தவை இவை.

அன்றிரவு கலாம் உணவருந்தவில்லை; வரைபலகையின் முன்னே நின்றார். மறுநாள் காலை முகம் கழுவிச் சிறிது உண்பதற்கென ஒரு மணி நேரமே ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பணி முடிவை நெருங்கியபோது, அறையில் யாரோ நிற்பதை உணர்ந்தார். தொலைவில் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர் பேராசிரியர் சீனிவாசன்! ஜிம்கானாவில் டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையுடன் நேரே வந்திருந்தார். வரைபடத்தை ஆராய்ந்தவர், மாணவரைத் தழுவி முதுகில் தட்டிக் கொடுத்தார். இயலாத கெடு என்று தெரிந்தே அதை விதித்ததாகவும், இவ்வளவு சிறப்பாக முடியும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் மனந்திறந்து சொன்னார். 1999இல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் அவர்களே இந்நிகழ்ச்சியை விவரித்துள்ளார்.

அதே பணிக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. எம்.ஐ.டி.யின் தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி ஒன்றை நடத்தியது. நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்ற கருத்தில் கலாம் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். முதற் பரிசு கிட்டியது. பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த தேவன் அவர்கள். வகுப்பில் வரைந்ததையே தாய்மொழியில் எழுதிப் பார்த்தார். பாடமும் விழாவும் ஒன்றையொன்று வளர்த்தன.

சூலூர் வானில்

அக்கட்டுரையின் கனவு கருமத்தம்பட்டிக்கு அருகிலேயே ஒருநாள் காட்சி தந்தது என்பதை இவ்வட்டார மாணவர்கள் அறிய வேண்டும். நம் நாட்டிலேயே உருவான இலகுரகப் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2003இல் அதற்குத் தேஜஸ் என்று பெயரிடப்பட்டது. 2016இல் பெங்களூரில் உருவான அதன் முதற் படைப்பிரிவு, 2018இல் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. 2020 மே 27 அன்று இரண்டாம் படைப்பிரிவும் அதே சூலூரில் செயற்படத் தொடங்கியது. பல்லாயிரவர் பல்லாண்டுகள் உழைத்த உழைப்பின் பயன் அது. 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த கலாம் அவர்களும் அவ்வுழைப்பில் பங்கு கொண்டவர். மாணவப் பருவத்தில் கட்டுரையாக இருந்தது, அவர் காலத்திலேயே வானேறியது!

நாம் கற்க வேண்டியது என்ன?

இவ்வரலாற்றைக் கேட்டு, ஒவ்வொரு வாரமும் உண்ணாமல் உறங்காமல் உழைக்க வேண்டும் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். அது கலாம் அவர்களின் வாழ்வில் வந்த ஒரு நெருக்கடி. நெருக்கடிக்கு உரிய முயற்சியை அன்றாட வழக்கமாக்கினால் உடல் தாங்காது. கருதத்தக்கது வேறு: அந்த மூன்று நாள்களில் அவர் கையில் ஒரே ஒரு வேலை இருந்தது. அந்த நாள்களை அவருக்கு விலை கொடுத்து வாங்கித் தந்தவை உடன்பிறந்தாளின் வளையல்கள்!

மாணவச் செல்வங்களே! வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த வாரம் தவறினால் திரும்பக் கிடைக்காதது எது என்று கேட்டு, அதனை முதல் வரியில் எழுதுங்கள். பருவத் தேர்வா, ஆய்வுப் பணியா, கருத்தரங்கா? அதற்குரிய மணிநேரத்தைப் பகலில், உடல் களைப்படையும் முன்னர் ஒதுக்குங்கள். கூலி வேலை இரண்டாம் வரியில் வரட்டும். இரண்டு நாள்களும் ஷிப்டு பார்க்கும் கட்டாயம் இல்லையெனில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். இரவு ஷிப்டு பார்த்துவிட்டுக் காலையில் தேர்வறைக்கு ஓடுவதை அறவே தவிருங்கள். கூலி கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது. வேண்டாத அழைப்புக்கு 'இந்த வாரம் இயலாது' என்று இனிமையாகச் சொல்லப் பழகுங்கள். உண்மை நண்பன் அதனைப் புரிந்து கொள்வான்.

பெற்றோரே, இனி உங்களிடம். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு கோரிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது எத்தனை வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கேள்விக்குறியாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் ஒன்றை எண்ணுங்கள். அடகு வைத்த நகையை வட்டியோடு மீட்கலாம். அடகு வைத்த ஞாயிற்றுக்கிழமையை எந்தக் கடையில் மீட்பது? மகனின் தேர்வுக் காலத்து மூன்று நான்கு வாரங்களையேனும் அவனுக்கே விட்டுக் கொடுங்கள்.

கிடைக்கும் உதவிகளையும் கேட்டுப் பெறுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பெறும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது இரண்டொரு ஷிப்டின் கூலியாக இருக்கலாம். அதனால் இரண்டொரு ஞாயிறு மீளுமானால் அது சிறிய தொகையன்று.

இன்னொரு செய்தி. மகனின் விடுமுறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மகளின் விடுமுறை எங்கே போகிறது? ஐந்து நாளும் கல்லூரிக்குச் சென்றவள் சனிக்கிழமை விடிந்ததும் துணி துவைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்குச் சமைக்கிறாள். அண்ணன் கருத்தரங்குக்குச் செல்வதற்குச் சட்டை தேய்த்துக் கொடுப்பவளும் அவளே. அவளுடைய கருத்தரங்கு எந்த நாளில்? வீட்டு வேலையை ஆண் பிள்ளைகளும் பகிர்ந்து கொண்டால் ஒரே வீட்டில் இரண்டு ஞாயிறுகள் பிழைக்கும். தம் நகையைத் தம்பிக்குத் தந்த சகோதரியைப் போற்றும் நாம், நம் வீட்டுச் சகோதரிக்கு அரை நாளையாவது தரக் கூடாதா?

மஹல்லா ஜமாஅத்துகளும் இதில் பங்கு கொள்ளலாம். மாலை நேர மதரஸா நடக்கும் அறைகள் பல ஊர்களில் ஞாயிறு பிற்பகலில் பூட்டியே கிடக்கின்றன. அங்கே இரண்டு மேசையும் விளக்கும் மின்விசிறியும் போதும். தறிச் சத்தம் கேளாத இடத்தில் நான்கு பிள்ளைகள் அமர்ந்து படிப்பார்கள். எம்மதத்துப் பிள்ளை வந்தாலும் இடம் கொடுங்கள். திருச்சி விடுதியின் ஓர் அறையில் மூன்று சமயத்தவர் சேர்ந்து வாழ்ந்ததன் பயனை நாடே பின்னாளில் கண்டதல்லவா?

கலாம் அவர்கள் குடியரசுத் தலைவர் பதவி வகித்த 2002 முதல் 2007 வரையிலும், அதற்குப் பின்னரும் மாணவர்களைத் தேடிச் சென்று பேசினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக் கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அன்று திங்கட்கிழமை. விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும் நாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, உங்கள் வீட்டு மாணவனிடமும் மாணவியிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த இரண்டு நாளில் உனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?' அவர்கள் சொல்லும் மணிகளை எப்பாடுபட்டேனும் கொடுத்துவிடுங்கள். அதன் பயன் ஒருநாள் உங்கள் வாசலுக்கே வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்!